எஃகு நகரத்தின் வடிவியல் இதழ்

கணித இதழ்களின் கதை – 14

சென்ற பகுதியில் ஸ்டாக்ஹோமில் நின்றோம். மிட்டாக்-லெஃப்ளர் 1882-இல் தொடங்கிய ‘ஆக்டா மாத்தமாட்டிகா’வும், அதற்கு முன் நாம் பார்த்த கிரெல்லேயின் பெர்லின் இதழும் கணிதத்தின் எல்லாக் கிளைகளுக்கும் இடம் கொடுத்தவை. எண்ணியலில் இருந்தவரும் வடிவியலில் இருந்தவரும் ஒரே இதழைப் பிரித்துப் படித்த காலம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஏற்பாடு திணறத் தொடங்கியது. கட்டுரைகள் குவிந்தன. ஒரு துறைக்காரருக்கு அடுத்த துறையின் கட்டுரை புரியாமல் போயிற்று. துறைக்கென்றே தனி இதழ் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது அப்போதுதான். 1962-இல் ‘டோப்பாலஜி’ வந்தது. 1967-இல், வளைந்த வெளிகளை நுண்கணிதத்தால் ஆராயும் வகையீட்டு வடிவியலுக்கென்று ‘ஜர்னல் ஆஃப் டிஃபரன்ஷியல் ஜியாமெட்ரி’ வந்தது.

பிரின்ஸ்டன், ஹார்வர்டு போன்ற கணிதத் தலைநகரங்களில் அது பிறக்கவில்லை. பென்சில்வேனியாவில் லீஹை ஆற்றங்கரையில் பெத்லஹேம் என்றொரு ஊர். 1741-இல் மொரேவியக் கிறித்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பெயர் சூட்டிய ஊர். 20-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரை உலகம் எஃகோடு சேர்த்தே அறிந்திருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு தந்தது பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம்தான். அந்த ஆலைக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் இருக்கிறது லீஹை பல்கலைக்கழகம். பொறியாளர்களை உருவாக்குவதில் பேர் பெற்ற இடம். அங்கே கணிதம் கற்பித்துவந்த சுவான்-சிஹ் சியுங் என்ற சீனப் பேராசிரியர்தான் இந்த இதழைத் தொடங்கினார்.

சியுங் 1936-இல் செஜியாங் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். சு புச்சிங்கின் மாணவர். ஜப்பானில் படித்துத் திரும்பிய சு, வீழ்ப்பு வகையீட்டு வடிவியல் என்ற துறைக்குச் சீனாவில் ஒரு பள்ளியையே உருவாக்கியிருந்தார். சியுங் பட்டம் பெற்ற மறு ஆண்டே போர் மூண்டது. ஹாங்சோவில் இருந்த பல்கலைக்கழகம் புத்தகங்களையும் கருவிகளையும் சுமந்துகொண்டு மேற்கு நோக்கி நகர்ந்து, கடைசியில் குய்சோ மாகாணத்தின் மலைப்பகுதியில் ஒதுங்கியது. நூலகம் சிதறி, வெளிநாட்டு இதழ்கள் வந்துசேராத அந்த ஆண்டுகளிலும் சியுங் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிவந்தார். போர் முடிந்து 1946-இல் அமெரிக்கா சென்றார். மிச்சிகனில் வெர்னன் குரோவின் வழிகாட்டலில் 1948-இல் முனைவர் பட்டம். 1952-இல் லீஹையில் வேலை. ஓர் இதழ் கைக்கு வந்துசேருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் போர்க்காலச் சீனாவில் இருந்த ஆய்வாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் பயின்ற வீழ்ப்பு வகையீட்டு வடிவியல், 1960-களில் மெல்ல ஓய்ந்துகொண்டிருந்த துறை. வடிவியலின் மையம் வேறு பக்கம் போய்விட்டது. ஷீங்-ஷென் சர்ன் 1944-இல் எழுதிய கட்டுரையும், 1963-இல் அட்டியாவும் சிங்கரும் அறிவித்த தேற்றமும் வடிவியலைப் பகுப்பாய்வோடும் இடவியலோடும் பிணைத்துவிட்டன. தான் பயின்ற பள்ளிக்கு ஒரு மேடையாகச் சியுங் இந்த இதழை நடத்தியிருக்கலாம். இதழ் தொடங்குகிற பலர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. புதிதாக முளைத்துக்கொண்டிருந்த கணிதத்துக்கு, தன் கையெழுத்தே இல்லாத கணிதத்துக்கு, பக்கங்களைத் திறந்துவிட்டார். இந்த இதழ் இவ்வளவு உயரத்துக்குப் போனதற்கு வேறு எதையும்விட அந்த மனம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் தொகுதியின் 43-ஆம் பக்கத்தைப் பார்த்தாலே அது தெரியும். ஹென்றி மெக்கீன், இசடோர் சிங்கர் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அங்கே தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு மார்க் காக் என்ற கணிதர் ஒரு கேள்வியைப் பிரபலமாக்கியிருந்தார்: ஒரு பறையின் ஓசையை மட்டும் கேட்டு, அதன் தோலின் வடிவத்தைச் சொல்லிவிட முடியுமா? பறை எழுப்பும் அதிர்வெண்கள் எல்லாமே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றிலிருந்து தோலின் பரப்பளவைக் கணக்கிடலாம். விளிம்பின் நீளத்தையும் கணக்கிடலாம். தோலில் எத்தனை ஓட்டைகள் என்பதையும் சொல்லலாம் என்று காக் காரணம் காட்டினார். அதை முறையாக நிறுவியவர்கள் மெக்கீனும் சிங்கரும். (வடிவம் முழுவதையும் சொல்ல முடியாது, ஒரே ஓசை தரும் இரு வேறு வடிவங்கள் உண்டு என்பது 1992-இல் தெரிந்தது.)

அதே கட்டுரையில் அவர்கள் இன்னொரு படி ஏறிப் பார்த்தார்கள். அதற்குள் போக, ஒரு பழைய உண்மையை முதலில் பார்க்க வேண்டும். ஒரு கோளத்தின் ஆரம் r என்றால், அதன் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு 1/r². பரப்பளவு 4πr². இரண்டையும் பெருக்கினால் 4π. கோலிக்குண்டுக்கும் 4π, பூமிக்கும் 4π. கோளத்தை அமுக்கி, நெளித்து, பூசணிக்காய்போல ஆக்கினாலும், ஒரு பக்கம் கூடிய வளைவு மறுபக்கம் குறைந்து, மொத்தம் அதே 4π-யில் வந்து நிற்கும். நடுவில் துளையுள்ள மெதுவடை வடிவத்துக்கு அந்த மொத்தம் பூஜ்யம். ஆக, இடத்துக்கு இடம் மாறும் வளைவைக் கூட்டினால், வடிவத்தின் துளைகளை மட்டும் சார்ந்த ஓர் எண் கிடைக்கிறது. அதை 2π-ஆல் வகுத்தால் வருவதுதான் ஆய்லர் எண். இது காஸ்–போனே தேற்றம். எல்லா இரட்டைப்படைப் பரிமாணங்களுக்கும் இதன் உள்ளார்ந்த நிறுவலைத் தந்ததுதான் சர்ன் 1944-இல் செய்த வேலை.

மெக்கீனும் சிங்கரும் இதை வெப்பத்தைக் கொண்டு அணுகினார்கள். ஒரு வளைந்த வெளியில் வெப்பம் பரவுவதைக் குறிக்கும் சமன்பாடுகளிலிருந்து ஓர் எண்ணை அமைத்தார்கள். நேரம் எவ்வளவு ஓடினாலும் அந்த எண் மாறாது. வெகுநேரம் கழித்துப் பார்த்தால் அது ஆய்லர் எண். வெப்பம் பரவத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் உள்ள வளைவிலிருந்து கூட்டிப் பெறும் தொகை. இரண்டும் ஒன்றே என்பதால் காஸ்–போனே தேற்றம் தானாக வந்து விழ வேண்டும். இரண்டு பரிமாணத்தில் அப்படியே விழுந்தது. பரிமாணம் கூடினால்தான் சிக்கல். வளைவோடு, வளைவு மாறும் வேகம், அந்த வேகம் மாறும் வேகம் என்று உறுப்புகள் காடாக மண்டுகின்றன. அவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், சர்ன் கண்ட கோவை மட்டும் மிஞ்சும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். ஏன் அப்படி நடக்க வேண்டும் என்று காட்ட அவர்களால் முடியவில்லை. கேள்வியை இதழில் திறந்தபடியே விட்டுவிட்டார்கள்.

விடை நான்கு ஆண்டு கழித்து வந்தது. அதே இதழில், 1971-இல், 5-ஆம் தொகுதியின் 233-ஆம் பக்கத்தில். அனுப்பியவர் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த விஜய் குமார் பட்டோடி. மத்தியப் பிரதேசத்தின் குனாவில் பிறந்தவர், வழிகாட்டிகள் எம். எஸ். நரசிம்மனும் எஸ். ரமணனும். அந்த உறுப்புக் காட்டுக்குள் நேராக நுழைந்து, நேரியல் இயற்கணிதத்தின் ஒரு நுட்பமான அடையாளத்தைக் கொண்டு, வேண்டாத உறுப்புகள் எல்லாப் பரிமாணத்திலும் அழிந்தே தீரும் என்று பட்டோடி காட்டினார். மிகப் பெரிய பெயர்கள் நிறுத்தி வைத்த இடத்திலிருந்து 26 வயது மாணவர் ஒருவர் தொடர்ந்தார். பிறகு அவர் பிரின்ஸ்டன் போனார். அட்டியாவோடும் போத்தோடும் சிங்கரோடும் எழுதினார். சிறுநீரகக் கோளாறு அவரை விடவில்லை. 1976 டிசம்பரில், 31 வயதில் மறைந்தார். அட்டியா–பட்டோடி–சிங்கர் என்ற பெயரோடு வழங்கும் தேற்றத்தை இன்று இயற்பியலாளர்களும் தினம் பயன்படுத்துகிறார்கள். பெத்லஹேமில் அச்சான ஒரு கேள்வி பம்பாய்க்குக் கப்பலேறி வந்து, விடையாகத் திரும்பிப் போனதே, அதற்காகவாவது இந்த இதழை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தொடக்க ஆண்டுகளின் மற்ற கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரண்டாம் தொகுதியில் மில்னர் எழுதிய ஏழு பக்கக் குறிப்பு, வெளியின் வளைவுக்கும் அதன் அடிப்படைக் குலம் வளரும் வேகத்துக்கும் உள்ள உறவைத் தொட்டுக்காட்டி ஒரு பெரிய ஆய்வுப் பாதையைத் திறந்தது. ஆறாம் தொகுதியில் சீகரும் குரோமோலும் நிறுவிய பிளவுத் தேற்றம் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இதழுக்கு மதிப்பு கூடிக்கொண்டே வந்தது. அதைச் சிகரத்துக்கு ஏற்றியதில் ஷிங்-டுங் யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1976-இல் கலாபி ஊகத்தை நிறுவி உலகப் புகழ் பெற்றிருந்த இளைஞர் அவர். சியுங் அவரை ஆசிரியர் பொறுப்புக்குள் கொண்டுவந்தார். யாவ் தன் வட்டத்தில் யார் எந்தப் பெரிய கணக்கோடு மல்லுக்கட்டுகிறார் என்பதை அறிந்தவர். அந்த ஆட்களைத் தேடிப் பிடித்துக் கட்டுரை வாங்கினார்.

அதன் பலன் 1982-இல் வந்த 17-ஆம் தொகுதி. ஓர் ஆய்விதழின் ஒற்றைத் தொகுதியில் இவ்வளவு இருந்ததற்கு இணையாக இந்தத் தொடரில் நான் காட்டக்கூடியது மிகக் குறைவு.

139-ஆம் பக்கத்தில் கிளிஃபர்டு டாப்ஸ். இயற்பியலின் யாங்–மில்ஸ் சமன்பாடுகளுக்கு நாற்பரிமாண வெளிகளில் தீர்வு உண்டு என்று காட்டும் கட்டுரை. அடுத்த ஆண்டு நடக்கப்போகும் பெரிய நிகழ்வுக்கு இதுவே அடித்தளம்.

255-ஆம் பக்கத்தில் ரிச்சர்டு ஹாமில்டன். மூன்று பரிமாண வெளி ஒன்றின் அளவைகளை நேரத்தோடு மாறவிடலாம். வளைவு அதிகமுள்ள இடம் சுருங்கட்டும், குறைந்த இடம் விரியட்டும் என்றார் அவர். உலோகத் தகட்டில் சூடு சமமாகப் பரவுவதைப் போலவே வளைவும் பரவி, கடைசியில் எங்கும் ஒரே சீராகிவிடும் என்பது அவருடைய எண்ணம். ரிச்சி பாய்வு என்று பெயர். மூடிய முப்பரிமாண வெளி ஒன்றில் ரிச்சி வளைவு எங்கும் நேர்மமாக இருந்தால், இந்தப் பாய்வு அதைச் சீரான வளைவு கொண்டதாக ஆக்கிவிடும் என்று 52 பக்கங்களில் நிறுவினார். புவான்காரே 1904-இல் எழுப்பிய ஊகத்தை நோக்கிய பாதையின் தொடக்கம் அது. துளையற்ற, மூடிய முப்பரிமாண வெளி கோளமாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

அதிலிருந்து நூறு பக்கம் தள்ளி, 357-இல், மைக்கேல் ஃப்ரீட்மன். அதே புவான்காரே கேள்வி, இம்முறை நான்கு பரிமாணத்தில். ஐந்தும் அதற்கு மேலும் உள்ள பரிமாணங்களை 1961-இல் ஸ்மேல் முடித்துவைத்திருந்தார். நான்கும் மூன்றும் மிஞ்சியிருந்தன. நான்கை ஃப்ரீட்மன் இங்கே முடித்தார். மூன்றுக்கான விதையை ஹாமில்டன் இங்கேயே போட்டார். இரண்டும் ஒரே தொகுதியில்!

ஃப்ரீட்மனின் கட்டுரை 97 பக்கம். எளிதில் படிக்க வராதது. கேசன் கைப்பிடிகள் எனப்படும் முடிவில்லாக் கட்டுமானங்களை அடுக்கடுக்காகப் பின்னி, அவற்றுக்குள் ஒரு தட்டை இருத்தும் வித்தை அது. முழுமையாகப் படித்துத் தெளிந்தவர்கள் ஒரு தலைமுறையில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தார்கள். முறையைக் கற்றவர்கள் ஓய்வை நெருங்கியபோது, இந்த அறிவு கைமாறாமல் போய்விடுமோ என்ற கவலை இடவியலாளர்களிடையே எழுந்தது. இளைய தலைமுறைக் கணிதர்கள் கூடி அந்த நிறுவலை முழுக்க விரித்து எழுதிய நூலை 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இதழில் அச்சானதோடு ஒரு நிறுவல் பொதுச்சொத்தாகிவிடுவதில்லை. அதைத் திரும்பத் திரும்ப யாராவது புரிந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

661-ஆம் பக்கத்தில், தொகுதி முடியும் தறுவாயில், எட்வர்டு விட்டன் என்ற இயற்பியலாளர். குவாண்டம் இயற்பியலின் மீச்சமச்சீர்மையை எடுத்து, இடவியலின் மோர்ஸ் கோட்பாட்டைப் புதிதாகப் பெற்றுக்காட்டினார். வழக்கமான கணித நடையில் எழுதப்படாத கட்டுரை. அதை ஏற்றுக்கொள்ள ஒரு கணித இதழுக்குத் துணிவு வேண்டும். எட்டு ஆண்டு கழித்து விட்டன் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் இயற்பியலாளர் ஆனார்.

மறு ஆண்டு, 18-ஆம் தொகுதி. குரோமோவின் 147 பக்கக் கட்டுரையோடு தொடங்குகிறது. அதைத் தாண்டி 269-ஆம் பக்கத்துக்கு வாருங்கள். சைமன் டொனால்ட்சன் என்ற இளம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளரின் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து. இரண்டாவது உலகப் புகழ் பெற்றது. முதலாவது ஒன்பதே பக்கம். அதன் தலைப்பிலேயே இரண்டு தமிழ்நாட்டுக்காரர்களின் பெயர்: நரசிம்மன், சேஷாத்ரி.

நரசிம்மன் வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்தவர், சேஷாத்ரி காஞ்சிபுரத்தில். இருவரும் பிறந்தது 1932-இல். இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் படித்தார்கள். பாரிஸில் எலி கார்ட்டானிடம் பயின்றவர் ரசீன். பாடத்திட்டத்துக்கு வெளியே நவீன கணிதம் என்று ஒன்று இருப்பதைத் தன் மாணவர்களுக்குக் காட்டியவர். 1953-இல் இருவரும் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965-இல் ‘அன்னல்ஸ் ஆஃப் மாத்தமாட்டிக்ஸ்’ இதழில் வந்த அவர்களுடைய தேற்றம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றிய இரண்டைச் சேர்த்துவைத்தது. ஒரு பக்கம், ஒரு ரீமான் பரப்பின் மீது இயற்கணித வழியில் அமைக்கப்படும் ‘நிலையான’ வெக்டர் கற்றைகள். மறுபக்கம், அந்தப் பரப்பின் துளைகளைச் சுற்றிவரும் பாதைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சியைப் பொருத்தும் முறைகள். இரண்டும் ஒன்றே என்றது தேற்றம்.

டொனால்ட்சன் அதற்கு வடிவியல் வழியில் புது நிறுவல் தந்தார். கற்றையின் மீது உள்ள எல்லா இணைப்புகளிலும் வளைவு மிகக் குறைந்ததைத் தேடு. கற்றை நிலையானது என்றால் அந்தத் தேடல் வெற்றி பெறும். கேரன் உலென்பெக் அப்போதுதான் உருவாக்கியிருந்த பகுப்பாய்வுக் கருவி அதற்குக் கைகொடுத்தது. பம்பாயில் இயற்கணித மொழியில் பிறந்த தேற்றம் இப்படி யாங்–மில்ஸ் சமன்பாடுகளின் உலகத்துக்குள் வந்தது. அங்கிருந்து உயர் பரிமாணங்களுக்கும் போயிற்று. டொனால்ட்சனும், உலென்பெக்கும் யாவும் சேர்ந்தும், அதை நிறுவினார்கள். 2006-இல் மன்னர் ஃபைசல் பரிசை நரசிம்மனும் டொனால்ட்சனும் பகிர்ந்துகொண்டார்கள்.

277-இல் அந்தக் கட்டுரை முடிகிறது. 279-இல் தொடங்குவதுதான் மற்றொன்று. யாங்–மில்ஸ் சமன்பாடுகளின் தீர்வுகளையெல்லாம் ஒரு வெளியாகத் திரட்டி, அதன் வடிவத்திலிருந்து மூல வெளியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார் டொனால்ட்சன். நுண்கணிதம் செய்ய இடம் தரும் நாற்பரிமாண வெளிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு என்பது முடிவு. அதை 17-ஆம் தொகுதியின் ஃப்ரீட்மனோடு சேர்த்துப் படித்தபோது கணிதர்கள் அதிர்ந்தார்கள். ஃப்ரீட்மன் உண்டு என்று காட்டிய பல வெளிகளில் நுண்கணிதமே செய்ய முடியாது! நாம் சாதாரணம் என்று நினைக்கும் நாற்பரிமாணத் தட்டை வெளிக்கே, வழக்கத்துக்கு மாறான நுண்கணித அமைப்புகள் உண்டு என்பதும் வெளிப்பட்டது. அவை எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன என்பதை டாப்ஸ் 1987-இல் இதே இதழில் நிறுவினார். வேறு எந்தப் பரிமாணத்திலும் இது நடப்பதில்லை. நாம் வாழும் வெளியும் காலமும் சேர்ந்தால் நான்கு பரிமாணம் என்பதை நினைத்தால், எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. ஃப்ரீட்மனும் டொனால்ட்சனும் 1986-இல் ஒரே மேடையில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்கள்.

ஹாமில்டன் போட்ட விதைக்கு வருவோம். 1994-இல் 40-ஆம் தொகுதியில் 209 முதல் 212 வரை, நான்கே பக்கத்தில் ஒரு கட்டுரை. சீகரும் குரோமோலும் 1972-இல் விட்டுச்சென்ற ‘ஆன்மா ஊகம்’ அதில் முடிவுக்கு வந்தது. எழுதியவர் ரஷ்யாவின் கிரிகோரி பெரல்மன். அதன்பின் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பி, ரிச்சி பாய்வில் மூழ்கினார். பாய்வின்போது வெளி சில இடங்களில் இழுபட்டு அறுந்துபோகும். ஹாமில்டன் ஆண்டுக்கணக்கில் போராடிய தடை அதுதான். 2002 நவம்பரிலும் 2003-இலும் பெரல்மன் மூன்று கட்டுரைகளை இணையத்தில் மட்டும் ஏற்றினார். தடை நீங்கியது, புவான்காரே ஊகம் தேற்றமானது. அந்த மூன்றையும் அவர் எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும், அந்த ஊகத்தைத் தீர்ப்பதற்கான பத்து லட்சம் டாலர் பரிசையும் மறுத்தார். ஹாமில்டனின் பங்கு தன்னுடையதற்குக் குறைந்ததல்ல என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

புவான்காரே ஊகம் தேற்றமானதையும் சியுங் பார்த்துவிட்டுத்தான் போனார். 1996-இல் ஹார்வர்டில் நடந்த மாநாடு இதழின் 30 ஆண்டுகளையும் அவருடைய 80-ஆவது பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடியது. 2009-இல் மறையும்வரை ஆசிரியர் பெயர்ப்பட்டியலில் அவர் இருந்தார். பெத்லஹேமின் ஊதுலைகள் அதற்கு முன்பே, 1995-இல் அணைந்துவிட்டன. இதழ் இன்றும் லீஹை பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி வருகிறது.

பெரல்மனின் கட்டுரைகளை வரிவரியாக விளக்கி க்ளைனரும் லாட்டும் எழுதிய 260-க்கும் மேற்பட்ட பக்கக் குறிப்புகள் 2008-இல் ‘ஜியாமெட்ரி அண்ட் டோப்பாலஜி’ என்ற இதழில் வந்தன. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் கலிபோர்னியாவின் ராப் கிர்பியும் 1997-இல் தொடங்கிய இதழ் அது. வணிகப் பதிப்பகங்கள் ஆண்டுச் சந்தாவை ஏற்றிக்கொண்டே போனதற்கு எதிராகக் கணிதர்கள் தாங்களே நடத்திக்காட்டியது. 2006-இல் ‘டோப்பாலஜி’யின் ஆசிரியர் குழு மொத்தமாகப் பதவி விலகியதும் அதே விலைப் பிரச்சினையால்தான். அந்தக் கதை அடுத்த பகுதியில்.